மலைக் கட்டத்தில் போட்ட சரி

போன வருடம் வைகாசி மாதத்தோடு நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். ஒரே கராஜில் முப்பத்தாறு வருடம். கடைசி நாளன்று எல்லோரும் கேக் வெட்டக் கூடியிருந்தார்கள். அந்தக் கிழமை ஒரு பழைய அமெரிக்கக் கார் வேலைக்கு வந்து மேடையில் நின்றது. எட்டு சிலிண்டர், நீண்ட மூக்கு. எங்கள் கராஜை இப்போது பொறுப்பாக நடத்தும் சுதன் அதைத் தட்டிக்கொண்டு கேட்டார்: "அண்ணை, இவ்வளவு பலமுள்ள கார். அமெரிக்கனுக்கு மட்டும் பொருந்துது, இங்கத்தை ஆக்களுக்கு ஏன் சரிவரேல்லை?"

"இங்கை தெரு ஒடுக்கம், பெற்றோல் விலை, நிப்பாட்ட இடமில்லை" என்றேன். சிரித்தார்கள். கேக்கைச் சாப்பிட்டோம்.

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது பாதிப் பதில். மீதியை இத்தனை வருடம் எங்கள் ஆட்களில் என் மனைவியைத் தவிர வேறு எவருக்கும் நான் சொன்னதில்லை. எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். எனக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஊரில் பத்து வருடம் கராஜ் வேலை செய்தவன் நான். ஏ நாப்பது, மொறிஸ் மைனர் என்று வெள்ளைக்காரன் விட்டுப்போன கார்களைத் திருத்தித்தான் கை பழகியது. எண்பத்துநாலில், சண்டை மூண்டதால், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு பேர்லின் வழியாக வந்து சேர்ந்தேன். அங்கிருந்து பிராங்பேர்ட்டுக்குத் தெற்கே, ஓடன்வால்ட் மலையடிவாரத்தில் உள்ள ஒரு சிறு நகரத்துக்கு அனுப்பினார்கள். அகதிகள் விடுதியில் ஒரு அறைக்கு ஆறு பேர். முதல் இரண்டு வருடம் வேலை செய்ய அனுமதி இல்லை. தின்பதும் படுப்பதும் கடிதம் பார்ப்பதும்தான்.

அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டவர்களுக்கு அப்போது ஒரு மடித்த தாள் தருவார்கள். அதில் படம், பெயர், கீழே ஒரு வரி: இந்த மாவட்டத்துக்குள் மட்டும் இருக்கலாம். எல்லை தாண்டுவதென்றால் அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்க வேண்டும். எண்பத்தாறில் கந்தசஷ்டிக்கு கொலோனில் ஒரு வீட்டில் பூசை நடக்கிறது என்று கேள்விப்பட்டு, கேட்டால் தர மாட்டார்கள் என்று நினைத்து, கேட்காமலே ரயில் ஏறினேன். ஸ்டேசனில் பொலிஸ் பிடித்தது. தண்டம் போட்டார்கள். "அடுத்த முறை தண்டம் இல்லை, கோட்டிலை வழக்கு. உன்ரை அசூல் கேசுக்கும் அது போகும்" என்று அந்த அதிகாரி விரலை நீட்டிச் சொன்னார். என் மனைவியையும் பிள்ளைகளையும் இங்கே கூப்பிடுவது அந்தக் கேசில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து மாவட்ட எல்லைப் பலகையைக் கண்டாலே நான் திரும்பி நடந்துவிடுவேன்.

அதே வருடக் கடைசியில்தான் வேலை அனுமதி கிடைத்து வேபர் என்பவரின் கராஜில் சேர்ந்தேன். அவரும் நானும் மட்டும்தான் வேலைக்காரர். அவரை மைஸ்டர், அதாவது தொழில் ஆசான், என்றே கூப்பிட வேண்டும். அவர் பேசியதெல்லாம் ஜேர்மன். அதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், எனக்கு அது அப்படித்தான் காதில் விழுந்தது.

நடராசா என்ற என் பெயரை அவர் ராசா என்று சுருக்கினார். ராசா என்றால் அரசன் என்று யாரோ சொல்லிக்கொடுக்க, "என்ரை கராஜிலை அரசன் நிலம் கூட்டுறார்" என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்வார். என் கருவிப்பெட்டி மூடிக்குள் ஒரு பிள்ளையார் படம் ஒட்டியிருந்தேன். காலையில் திருநீறு பூசிக் கும்பிட்டுவிட்டுத்தான் நட்டுத் திருகும் சாவியை எடுப்பேன். அவர் கோப்பிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்ப்பார்.

"யானை வேலைக்கு வந்திட்டுதோ, ராசா?"

"ஓம் மைஸ்டர், எனக்கு முந்தியே வந்திட்டுது."

"அப்ப சரி. தொடங்குவம்."

சிரிப்பெல்லாம் அதோடு முடிந்தது. வேலையில் அவரைப்போல ஒரு கறாரான மனிதரை நான் காணவில்லை. அதிலும் பிரேக் என்றால் அவருக்கு அது வழிபாடு மாதிரி. ஒரு காரின் பிரேக்கைக் கழற்றிப் பூட்டினால் முதலில் ஆற்றோரத்துச் சமதரையில் முப்பது தரம் மெதுவாக நிறுத்த வேண்டும். பிறகு ஆறவிட வேண்டும். பிறகு மலை. கராஜ்காரர் சோதனை ஓட்டத்துக்குக் கட்டும் சிவப்பு நம்பர்த் தகட்டைக் கட்டிக்கொண்டு மேலே தண்ணீர்த் தொட்டி வரை போய், அங்கிருந்து ஏழு கிலோமீற்றர் இறக்கம், பதினொரு வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் முன் பிரேக் பிடித்து வேகத்தை முப்பதுக்குக் கொண்டுவர வேண்டும். அடியில் மரம் அரியும் ஆலை மதிலோரம் நிறுத்த வேண்டும். கைப்பிரேக் போடக் கூடாது, சூட்டில் ஒட்டிக்கொள்ளும். இறங்கி நாலு சில்லுக்கும் பக்கத்தில் புறங்கையைப் பிடித்துச் சூடு பார்க்க வேண்டும். மணந்து பார்க்க வேண்டும். திரும்ப ஏறி மிதியை மிதித்து அது எவ்வளவு தாழுகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தடித்த கொப்பியில் எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'மலை'. அதில் சரி போட்டால்தான் கார் வெளியே போகலாம்.

"பிரேக் எண்டது நிப்பாட்டுறதுக்கு இல்லை, ராசா" என்பார். "திருப்பித் திருப்பி நிப்பாட்டுறதுக்கு."

அந்த மலை பக்கத்து மாவட்டத்தில் இருந்தது. கராஜிலிருந்து மூன்றாவது கிலோமீற்றரில் காட்டுக்குள் எல்லைப் பலகை. மலைக்கு எப்போதும் மைஸ்டரே போவார் என்பதால் என் தாளைப்பற்றி நான் வாய் திறக்கவில்லை. பக்கத்து மாவட்டத்துக்குப் போக இயலாத ஆள் என்று தெரிந்தால் வேறு ஆளைப் பிடித்துவிடுவாரோ என்ற பயம். விடுதியில் என்னோடு இருந்த சிவம் பகிடி பண்ணுவான்: "அண்ணை, அந்தப் பலகைக்குப் பக்கத்திலை காட்டுப் பண்டிதான் நிக்கும். அது உங்கடை தாளைக் கேக்காது." அவன் ரயிலில் பிடிபட்டவன் அல்ல.

எங்கள் நகரத்தில் அமெரிக்க இராணுவ முகாம் ஒன்று இருந்தது. சிப்பாய்கள் தங்கள் நாட்டுக் கார்களைக் கப்பலில் கொண்டுவந்துவிடுவார்கள். அவர்களில் வில்லிஸ் என்ற சார்ஜன்ற் ஒருவர் எனக்குக் கூட்டாளியானார். கறுத்த, மலைபோன்ற மனிதர். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போவார். என் பிள்ளையார் படத்துக்கும் தலை குனிந்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். எனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம். அவருடைய காரின் கம்பனிப் பெயர் வேண்டாம். அறுபத்தொன்பதில் செய்தது, நீலம், நாலு சில்லுக்கும் டிரம் பிரேக்.

ஒருநாள் விமானத்தளத்தோரம் உள்ள நேர்த்தெருவில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். ஒரு கை ஸ்ரேறிங்கில், மற்ற முழங்கை ஜன்னலுக்கு வெளியே. கால் வைத்ததும் என் முதுகு இருக்கையில் ஒட்டியது. பிறகு ஒரேயொரு தரம் பிரேக் பிடித்தார். கார் படுத்து எழும்பி நின்றது.

"வளைவுகளிலை என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன்.

"ராசா, எங்கடை ஊரிலை தேவாலயத்துக்கு நாப்பது மைல். வழியிலை வளைவு ஒண்டே ஒண்டுதான். அதிலை என்ரை மாமி இருக்கிறா. சாப்பிடாமல் விட மாட்டா. ஆனபடியால் அதிலை எப்பிடியும் நிப்பாட்டுவன்." வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்தக் கார் அந்தத் தெருவுக்குச் செய்தது."

அவர் அதை உணர்ந்து ஓட்டினார். நேராக ஓடி, ஒருமுறை நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஓடுகிற மனிதருக்குரிய கார் அது. இந்தப் பக்கத்து ஆட்கள் ஓட்டும் விதம் வேறு. வளைவு வரை வேகமாகப் போய்க் கடைசி நேரத்தில் பிரேக்கை மிதிப்பார்கள், உடனே அடுத்த வளைவு. அவர்களுடைய சிறிய கார்கள் அதற்கென்றே செய்தவை. டிரம் பிரேக்கை அப்படி மிதித்தால் டிரம் சூடாகி விரிந்து, உள்ளே அதை அழுத்தும் கட்டையைவிட்டு விலகும். கட்டையும் கருகி வழுக்கும். மிதி தாழ்ந்துகொண்டே போகும். கடைசியில் காலுக்குக் கீழே ஒன்றும் இருக்காது.

எண்பத்தேழு சித்திரையில் வில்லிஸ் நாடு திரும்ப உத்தரவு வந்தது. காரை ஊவே என்ற ஒரு பெயின்ற் அடிக்கும் தொழிலாளிக்கு விற்றார். இருபத்தேழு வயதிருக்கும். மலைக்கு மேலே ஒரு கிராமத்தில், தகப்பனுடைய வீட்டு மாடியில் மனைவி மொனிக்காவோடு குடியிருந்தார். மொனிக்காவுக்கு அப்போது நாலு மாதம். புதுக் கட்டை போட்டு, இந்த நாட்டுச் சோதனைக்குத் தயார் பண்ணச் சொல்லி எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

வேலை முடியும் கிழமையில் மைஸ்டர் முதுகு பிடித்து ஆசுப்பத்திரியில் படுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் கடைசிச் சில்லையும் பூட்டினேன். பிழையில்லாமல் பூட்டினேன், அதை இன்றைக்கும் சொல்வேன். சமதரையில் முப்பது தரம் நிறுத்தினேன். கல்லுப்போல நின்றது. பிறகு மலைத் தெருவில் ஏறி, காடு தொடங்கும் இடம் வரை போனேன். பலகை தெரிந்தது. ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் இருந்தேன். சிவப்பு நம்பரோடு பளபளக்கும் நீலக் கார், உள்ளே கறுத்த மனிதன். எந்தப் பொலிஸ்காரன் பார்த்தாலும் மறிப்பான் என்று நினைத்தேன். என் மூத்த மகள் ஊரில் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் இருந்து எழுதிய கடிதம் சட்டைப் பைக்குள் இருந்தது. காரைத் திருப்பினேன்.

கராஜுக்கு வந்து நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. பக்கத்துக் கடையில் நாலு தேசிக்காய், எலுமிச்சம்பழம்தான், வாங்கினேன். நாலு சில்லுக்கும் கீழே வைத்து, கற்பூரம் கொளுத்திச் சுற்றி, பிள்ளையாரே நீதான் காவல் என்று சொல்லி, அவை நசுங்கக் காரை ஓட்டினேன். ஊரில் புதுக் காருக்குச் செய்வதுதான். மலைக்குப் பதிலாக அதைச் செய்ததுதான் என் குற்றம்.

மைஸ்டர் ஆசுப்பத்திரியிலிருந்து ரெலிபோன் எடுத்தார்.

"சமதரை?"

"நல்லா நிக்குது, மைஸ்டர்."

"மலை?"

"ஓம்" என்றேன்.

"சூடு எப்பிடி?"

"நாலும் ஒரே மாதிரி."

"நல்லது. சரியைப் போட்டுக் குடு."

கொப்பியில் சரி போட்டேன். ஐந்து மணிக்கு ஊவேயும் மொனிக்காவும் வந்தார்கள். ஊவே என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். "மேலே வாங்கோ, ஒருநாள் சேர்ந்து பியர் குடிப்பம்" என்றார். எனக்கு மேலே வர முடியாது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை மைஸ்டர் தடியூன்றி வந்தார். நிலத்தில் காய்ந்து கிடந்த தேசிக்காய்த் தோலைத் தடியால் தட்டினார். "இது என்ன?" விளக்கம் சொன்னேன். "மலைக்குப் போக முந்தியோ, பிறகோ?" என்று கேட்டார். "பிறகு" என்றேன். "ரெண்டும் செய்தால் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் கேலி பண்ணவில்லை. அதுதான் இன்னும் சுடுகிறது.

மலையில் மைஸ்டரோ நானோ ஓட்டியிருந்தால் மிதி தாழ்வது ஆறாம் ஏழாம் வளைவிலேயே தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட கார்களை மைஸ்டர் கொடுக்க மாட்டார். கொடுத்தாலும், இறக்கத்தில் கியர்த்தடியை இரண்டில் போட்டு எஞ்சினால் பிடித்து இறக்கு என்று ஆளைப் பக்கத்தில் இருத்திக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். ஊவேக்கு எவரும் காட்டவில்லை. காட்ட வேண்டியவன் நான்.

ஒன்பதாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலையில் உல்லாசப் பயணிகளின் பஸ் ஒன்று ஊர்ந்து இறங்க, அதன் பின்னால் ஊவே மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார். பத்தாம் வளைவில் பஸ்ஸில் மோதாமல் வெளியே வெட்டி எடுத்திருக்கிறார். கடைசி வளைவில் ஆலை மதிலோடு எல்லாம் முடிந்தது. நல்லவேளை, மொனிக்கா அன்றைக்கு வீட்டில் நின்றுவிட்டார்.

பொலிஸ் அனுப்பிய நிபுணர் வந்து பார்த்தார். வேலையில் பிழை இல்லை, சூட்டில் பிரேக் செத்திருக்கிறது, ஓட்டியவருக்கு இந்தக் கார் பழக்கமில்லை என்று எழுதினார். கொப்பியைப் பார்த்தார், மலைக் கட்டத்தில் சரி இருந்தது. கராஜுக்கு ஒன்றும் வரவில்லை. செத்தவீட்டில் ஊவேயின் தகப்பன், "கார்ப் பைத்தியம். தன்னைத் தானே சாக்காட்டிப் போட்டான்" என்று எல்லோரும் கேட்கச் சொன்னாராம்.

மூன்று கிழமை கழித்து மொனிக்கா கராஜுக்கு வந்தார். கறுப்புச் சட்டை வயிற்றில் இறுகியிருந்தது. "அந்தக் கொப்பியை நான் ஒருக்காப் பாக்கலாமோ?" என்று மைஸ்டரிடம் கேட்டார். மைஸ்டர் பக்கத்தைத் திறந்து கொடுத்தார். மொனிக்கா விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.

"மலையிலை நல்லாத்தான் நிண்டிருக்கு. அப்ப மாமா சொல்லுறது சரி. ஊவேயின்ரை பிழைதான்."

கொப்பியை மூடி வைத்துவிட்டுப் போனார்.

நான் காருக்கு அடியில் படுத்திருந்தேன். எழும்பி வந்தேன். மைஸ்டர் மண் சவர்க்காரத்தால் கை கழுவிக்கொண்டு நின்றார்.

"மைஸ்டர், நான் மலைக்குப் போகேல்லை."

தண்ணீரை நிறுத்தினார். திரும்பவில்லை. "ஏன்?"

தாளை எடுத்துக் கொடுத்தேன். ஈரக் கையால் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, கீழ் வரியை இரண்டு தரம் வாசித்தார்.

"இதை ஏன் முந்திக் காட்டேல்லை?"

"காட்டினால் வேலையாலை நிப்பாட்டிப் போடுவியள் எண்டு பயந்தன்."

"நிப்பாட்டியிருக்க மாட்டன். ரெண்டு நாள் பொறுத்து நானே மலைக்குப் போயிருப்பன். அவ்வளவுதானே, ராசா. அவ்வளவுதானே."

அவர் சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"அந்தப் பிள்ளைக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டார். தாளை மடித்து என்னிடம் தந்தார். "நான் ரெலிபோன் எடுத்து அவவை இங்கை கூப்பிடலாம். நீ எல்லை தாண்டத் தேவையில்லை."

"வேண்டாம்" என்றேன். "போவம்."

அவருடைய காரில் போனோம். பலகை வந்தது. வெள்ளைப் பலகையில் மாவட்டத்தின் பெயர், கீழே ஒரு துரு ஆணி. பொலிஸ் இல்லை. பண்டியும் இல்லை. மரங்கள் மட்டும். அதைக் கடக்க ஒரு வினாடி ஆகவில்லை.

மொனிக்கா கதவைத் திறந்து எங்களை உள்ளே விடாமல் வாசலிலேயே நின்றார். எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். மலைக்குப் போகவில்லை. சரி போட்டது பொய். போயிருந்தால் தெரிந்திருக்கும். ஊவேயில் பிழை இல்லை.

மொனிக்கா படியைக் காட்டினார்.

"மாமா கீழே இருக்கிறார். எனக்குச் சொன்ன மாதிரியே அவருக்கும் போய்ச் சொல்லுங்கோ. ஒரு சொல்லும் விடாமல்."

கீழே போய்ச் சொன்னேன். கிழவர் சாப்பாட்டு மேசையில் இருந்தார். கேட்டு முடிந்ததும் கையால் முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் வெளியே வந்தபோது கதவுக்குள் கேட்ட சத்தத்தை எழுத எனக்குச் சொல் இல்லை.

மைஸ்டர் நேரே பொலிசுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். விசாரணை நடந்தது. இருவருக்கும் தண்டனைப் பணம். எல்லை தாண்டியதும் அதில் ஏறியது. என் கேஸ் பின்னுக்குப் போய் மனைவியும் பிள்ளைகளும் ஊரில், அந்தச் சண்டைக்குள், இன்னும் இரண்டு வருடம் காத்திருந்தார்கள். மைஸ்டர் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் பிரேக்கில் கை வைக்க விடவில்லை. ஒயில் மாற்றினேன், ரயர் மாற்றினேன், நிலம் கூட்டினேன். யானை வந்திட்டுதோ என்று அவர் கேட்கவும் இல்லை. நான் காலையில் படத்தைத் திறந்து கும்பிடுவேன், ஆனால் ஒன்றும் கேட்பதில்லை. தேசிக்காய் என்ன பிழை செய்தது? பொய்க்குக் காவல் நிற்கச் சொல்லிக் கடவுளைக் கேட்டவன் நான்தான்.

எண்பத்தொன்பதில் எனக்கு அசூல் கிடைத்தது. கீழ் வரி இல்லாத தாள். அந்த ஆவணியில் ஒருநாள் காலை, சின்ன வெள்ளைக் கார் ஒன்று கராஜ் வாசலில் வந்து நின்றது. மொனிக்கா இறங்கினார். பின் இருக்கையில் இரண்டு வயது மட்டில் ஒரு பெண்பிள்ளை பிஸ்கற் சூப்பிக்கொண்டிருந்தது.

"பிரேக் தேயுது" என்றார் மைஸ்டரிடம். "மாத்தோணும்."

"நானே செய்து தாறன்" என்றார் மைஸ்டர்.

"இல்லை. இவர் செய்யட்டும்." என்னைப் பார்க்காமல் கை நீட்டினார். "மலைக்கும் இவர்தான் ஓட்டோணும். நான் பக்கத்திலை இருப்பன்."

மைஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பிள்ளையை மைஸ்டரின் மனைவி அலுவலகத்துக்குள் தூக்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் முடித்தேன். சமதரையில் முப்பது தரம். ஆறவிட்டு, மலை ஏறினோம். பலகையைக் கடந்தோம். தண்ணீர்த் தொட்டியடியில் திருப்பினேன். மொனிக்கா மடியில் கையைக் கோத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாம் வளைவு. இரண்டாம் வளைவு. அவர் வாய்க்குள் எண்ணுவது கேட்டது. ஆறு. ஏழு. பத்தாம் வளைவில் அவர் கால் தன்பாட்டில் காரின் தளத்தை மிதித்தது. பதினொன்று. மதிலில் நீலப் பெயின்ற் கோடு அப்போதும் இருந்தது. அதன் பக்கத்தில் நிறுத்தினேன். மிதி முதல் வளைவில் நின்ற இடத்திலேயே நின்றது.

இறங்கி முன்சில்லில் புறங்கையைப் பிடித்தேன். மொனிக்காவும் இறங்கி வந்து, நான் பிடித்த மாதிரியே மற்றச் சில்லில் பிடித்துப் பார்த்தார். நாலையும் பார்த்தார்.

கராஜுக்கு வந்ததும் கொப்பியைத் திறந்து எழுதினேன். மலைக் கட்டம் வந்தது. பேனையை என் கையிலிருந்து வாங்கி, அந்தச் சரியை மொனிக்கா தானே போட்டார்.

என்னை மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை, எத்தனை கார் மாறினாலும், பிரேக் என்றால் என்னிடம்தான் கொண்டுவருவார். பக்கத்தில் இருந்து பதினொன்று வரை எண்ணுவார். கொப்பியெல்லாம் இப்போது கொம்பியூட்டருக்குப் போய்விட்டது. அவருடைய காருக்கு மட்டும் அந்தத் தடித்த கொப்பி அலுமாரியில் இருக்கிறது. முப்பத்துமூன்று வருடத்தில் மலைக் கட்டத்தில் உள்ள ஒரு சரிகூட என் கை போட்டது அல்ல.